டொரண்ட் ஏன் ஊர்கிறது? வீட்டு இணைப்பில் வேகம் தேங்கும் இடங்கள்

ஸ்பீடு டெஸ்ட் 95 எம்பிபிஎஸ் காட்டுகிறது. யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது. அதே கணினியில் டொரண்ட் ஒன்றைப் போட்டால் நொடிக்கு 200 கிலோபைட்டைத் தாண்டவில்லை. இந்தப் புகாருக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் மருந்து பெரும்பாலும் மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது: இணைப்புகளின் எண்ணிக்கையை ஏற்று, பகிரும் ஆட்களைக் காட்டித் தரும் டிராக்கர்களின் முகவரிகளை இன்னும் நூறு ஒட்டு, அப்லோடை அடியோடு குறை. செய்து பார்த்தவர்களில் பலர் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள். சிலருக்கு முன்பிருந்ததும் போய்விடுகிறது.

சாதாரணப் பதிவிறக்கத்தில் எங்கோ ஒரு சர்வர் கொடுக்கிறது, நாம் வாங்குகிறோம். வீட்டுக்குள் வரும் பாதை அகலமாக இருந்தால் போதும். டொரண்டில் வாங்குகிறவர் எல்லோரும் கொடுக்கிறவர்கள். அதனால் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதையும் நன்றாக இருக்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் வந்து தட்டினால் திறக்கும் வாசல் ஒன்றும் வீட்டுக்கு வேண்டும். ஸ்பீடு டெஸ்ட் முதலாவதை அரைகுறையாக அளக்கிறது, இரண்டாவதை அளப்பதே இல்லை. இந்த முறையைப் பற்றி 20 ஆண்டுகளுக்கும் மேலாக வந்த ஆய்வுகளையும், இன்று தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் ஃபைபர் இணைப்புகளின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால், வேகம் தேங்கும் இடம் பெரும்பாலும் கொடுக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கே வருகிறேன்.

பிட்டொரண்டை 2001ல் எழுதியவர் பிராம் கோஹென். கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புக் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டு, அந்தக் குறியீடுகளை மட்டும் சிறிய டொரண்ட் கோப்பில் வைத்தார். துண்டுகள் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வரலாம். குறியீடு பொருந்தினால் சரி. இது பாதிதான். மீதிப் பாதி, யாருக்குக் கொடுப்பது என்ற விதி. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு சமயத்தில் சிலருக்கு மட்டுமே கொடுக்கிறது. கோஹென் 2003ல் வெளியிட்ட கட்டுரையில் அந்த எண்ணிக்கை பொதுவாக 4. தனக்கு யார் அதிக வேகத்தில் கொடுக்கிறார்களோ அவர்களைத் தேர்ந்தெடுக்கிறது; 10 நொடிக்கு ஒருமுறை கணக்கைத் திருப்பிப் பார்க்கிறது. புதியவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதற்காக 30 நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்காமல் ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்கிறது. நம் ஊர் மொய் நோட்டைப் போன்ற ஏற்பாடு இது. எழுதிய மொய் திரும்பி வர ஆண்டுகள் ஆகலாம். இங்கே 10 நொடிக்குள் வராவிட்டால் உறவு முடிந்துவிடும்.

இந்த விதி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பலர் சோதித்திருக்கிறார்கள். பிரான்சின் இன்ரியா நிறுவனத்தைச் சேர்ந்த அர்னோ லெகூ குழுவினர் 2006ல் செய்த அளவீடு, அரிதான துண்டை முதலில் வாங்கும் உத்தியும் மேற்சொன்ன விதியுமே ஒரு கோப்பைப் பகிர்பவர்களின் கூட்டத்தை ஓட்டப் போதுமானவை என்றது. அதே 2006ல் சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட பிட்தீஃப் என்ற மென்பொருள், எதையுமே கொடுக்காமல் முழுக் கோப்பையும் வாங்கிக் காட்டியது. 2007ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு எழுதிய பிட்டைரண்ட், தன் அப்லோடை யாருக்குக் கொடுத்தால் அதிகம் திரும்பக் கிடைக்குமோ அவர்களுக்கே பார்த்துக் கொடுத்து வேகத்தைக் கூட்டியது. ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும் இவை ஒரே விஷயத்தின் வெவ்வேறு பக்கங்கள். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு சீட் செய்பவருக்குத் திரும்ப வாங்க எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் நிறையப் பேர் இருக்கும் கூட்டத்தில் கொடுக்காதவரும் பிழைத்துக்கொள்வார். அவர்கள் குறைவாகவும் அரைகுறைக் கோப்போடு காத்திருப்பவர்கள் அதிகமாகவும் இருக்கும் கூட்டத்தில், கொடுக்கும் வேகம்தான் வாங்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அப்லோடை நொடிக்கு 5 கிலோபைட் என்று பூட்டிவைத்தவருக்கு ஒரு டொரண்ட் பறப்பதும் இன்னொன்று ஊர்வதும் இதனால்தான்.

எனவே வீட்டில் எதையும் தொடுவதற்கு முன் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளின் டொரண்டுகள் இதற்கு நல்ல அளவுகோல். எந்த நேரத்திலும் ஏராளமானோர் சீட் செய்துகொண்டிருப்பார்கள், சட்டச் சிக்கலும் இல்லை. புதிய உபுண்டு பதிப்பு வந்த வாரத்தில் அதைப் போட்டும் வேகம் வரவில்லை என்றால் கோளாறு நம் பக்கம். அது முழு வேகத்தில் இறங்கி, நாம் தேடிய கோப்பு மட்டும் ஊர்ந்தால் கோளாறு அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. ரவுட்டரை மாற்றினாலும் தீராது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது ரவுட்டர் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கூட்டத்தின் நிலையை மென்பொருளே சொல்கிறது. க்யூபிட்டொரண்ட் போன்றவற்றில் 'கிடைக்கும் தன்மை' என்று ஓர் எண் இருக்கும். அது 1க்குக் கீழே இருந்தால், இப்போது இணைந்திருப்பவர்கள் எல்லோரிடமும் உள்ளதைச் சேர்த்தாலும் கோப்பு முழுமை அடையாது. 98, 99 சதவீதத்தில் நாள்கணக்கில் நிற்கும் பதிவிறக்கங்களில் பெரும்பாலானவை இந்த வகை. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 ஆகஸ்ட் முதல் தன் கோப்புகளுக்கு டொரண்ட் தருகிறது. அங்கே ஏற்றப்பட்டிருக்கும் பழைய தமிழ் நூல்களுக்கும் அது கிடைக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு வேறு யாரும் சீட் செய்வதில்லை. ஆர்க்கைவின் சர்வரே வெப்சீடாக நின்று கொடுக்கும். அந்த டொரண்டின் வேகம் கலிபோர்னியாவிலிருக்கும் ஒரு சர்வரின் வேகம். நம் வீட்டு வாசல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது மாறாது.

அலகுக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சேவை நிறுவனம் விற்பது பிட். மென்பொருள் காட்டுவது பைட். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்; நெறிமுறைச் சுமை போக 11 சொச்சம். நொடிக்கு 11 மெகாபைட்டில் இறங்கும் டொரண்டுக்கு எந்த மருந்தும் தேவையில்லை.

இனி வெளியே போகும் பாதை. ஏடிஎஸ்எல் காலத்தில் இது எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். இறக்க 8 எம்பிபிஎஸ், ஏற்ற 512 கேபிபிஎஸ் உள்ள இணைப்பு என்று வையுங்கள். டிசிபி நெறிமுறை, வந்து சேரும் இரண்டு பெரிய பொட்டலங்களுக்கு ஓர் ஒப்புகை வீதம் அனுப்புகிறது. 8 எம்பிபிஎஸ் முழுவதையும் நிரப்ப நொடிக்குச் சுமார் 333 ஒப்புகைகள் போக வேண்டும். ஒப்புகை என்பது 40 பைட்தான். ஆனால் ஏடிஎஸ்எல்லின் அடியில் இருக்கும் ஏடிஎம் அமைப்பு அதை, மேலுறைகளோடு சேர்த்து, 53 பைட் கொண்ட இரண்டு செல்களில் வைத்து அனுப்பும். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 280 கேபிபிஎஸ். அதாவது வாங்குவதற்கான ரசீது அனுப்பவே ஏற்றும் பாதையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அந்தப் பாதையை டொரண்ட் தன் அப்லோடால் நிரப்பிவிட்டால் ரசீதுகள் வரிசையில் நிற்கும். ரசீது தாமதமானால் அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பார். அப்லோடைக் குறை என்ற அறிவுரை பிறந்த இடம் இதுதான். அன்றைக்கு அது சரியான அறிவுரை.

வரிசையில் நிற்பது எத்தனை நேரம் என்பதைப் பலரும் கவனிக்கவில்லை. மோடத்தில் 256 கிலோபைட் தாங்கல் நினைவகம் இருந்தால், 512 கேபிபிஎஸ் பாதையில் அது காலியாக 4 நொடி ஆகும். பொட்டலம் தொலைந்துபோனால்தான் டிசிபி பொதுவாக நெரிசலை உணரும்; தாங்கல் பெரிதாக இருந்தால் எதுவும் தொலையாது, எல்லாம் தாமதமாகும். கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010ல் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது இணைப்பே முடங்குவதைக் கண்டு, காரணத்தைத் துருவிப் பார்த்து, இதற்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். அதே ஆண்டு பெர்க்லியின் ஐசிஎஸ்ஐ ஆய்வு நிறுவனம் நெட்டலைசர் என்ற கருவியால் ஏராளமான வீட்டு இணைப்புகளை அளந்து, தாங்கல்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருப்பது ஓரிரு வீட்டுச் சிக்கல் அல்ல, உலகம் முழுக்க இருப்பது என்று காட்டியது. 2012ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை முன்வைத்தார்கள். பொட்டலம் வரிசையில் எத்தனை நேரம் நின்றது என்பதை அளந்து, நேரம் மீறினால் வரிசையைச் சுருக்கும் முறை அது. ஓபன்டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டர் மென்பொருள்களில் அதன் வாரிசுகள் இன்று கிடைக்கின்றன.

டொரண்ட் உலகம் தன் பங்குக்குச் செய்ததும் குறிப்பிடத்தக்கது. மியூடிபி என்ற போக்குவரத்து முறை, தாமதம் ஏறத் தொடங்கினாலே தானாகப் பின்வாங்கும். தன்னால் ஏற்படும் கூடுதல் தாமதத்துக்கு 100 மில்லிசெகண்ட் என்று இலக்கு வைத்து ஓடுவது. இதன் அடிப்படைக் கணக்கு 2012ல் ஆர்எஃப்சி 6817 என்ற ஆவணமாக வெளியானது. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் மியூடிபியையும் டிசிபியையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

ஃபைபர் வந்தபிறகு இது பழங்கதை ஆகிவிட்டதா? கணிசமாக மாறிவிட்டது என்பது உண்மை. நம் தெருக்களில் வரும் ஜிபான் ஃபைபரில் ஒரு கிளை முழுவதற்குமாக இறக்க 2.488 ஜிபிபிஎஸ்ஸும் ஏற்ற 1.244 ஜிபிபிஎஸ்ஸும் உண்டு. பல திட்டங்களில் ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் சமம். ஒப்புகை அனுப்ப இடமில்லாத நிலை இல்லை. ஆனால் மொபைல் டேட்டாவில் ஓடும் ரவுட்டர்களிலும், ஏற்றும் வேகத்தைத் தனியாகக் குறைத்து வைத்திருக்கும் திட்டங்களிலும், நெரிசலான வைஃபையிலும் பழைய நோய் அப்படியே இருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. டொரண்ட் ஓடாதபோது ஒரு பிங் பாருங்கள். முழு வேகத்தில் ஓடும்போது இன்னொன்று. 15 மில்லிசெகண்ட் 30 ஆனால் கவலையில்லை. 400, 800 என்று ஏறினால் ஏற்றும் பாதை நிரம்பி வழிகிறது. அளந்த அப்லோடு வேகத்தில் 80 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்தால் வழிவது நிற்கும். கொடுக்கும் கணக்கும் கெடாது. பூஜ்யத்துக்கு அருகே பூட்டுவது கூடவே கூடாது. இன்னொன்றும் உண்டு: ஒரே சமயம் இருபது டொரண்டுகளை ஓடவிட்டால் இருக்கும் அப்லோடு இருபதாகப் பிரிந்து, எந்தக் கூட்டத்திலும் நாம் மதிக்கத்தக்க கொடுப்பவராக இருக்க மாட்டோம். இரண்டு மூன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது நல்லது.

வாசல் பிரச்சினை இதைவிடப் பெரியது. நம் நாட்டு வீடுகளில் இன்று முதன்மைக் காரணம் இதுதான் என்று கருதுகிறேன்.

ஐபிவி4 முகவரிகள் சுமார் 430 கோடிதான். உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டு முடிந்தன. வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளோடு, ரவுட்டரின் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த முகவரி மாற்றத்துக்கு நாட் என்று பெயர். உள்ளேயிருந்து தொடங்கும் தொடர்புக்கு நாட் தடையில்லை. வெளியேயிருந்து ஒருவர் தானாகத் தொடர்பு தொடங்கினால், அது எந்தக் கருவிக்கு என்று ரவுட்டருக்குத் தெரியாது, தூக்கி எறிந்துவிடும். டொரண்டுக்கு இதனால் வரும் நஷ்டம் நேரடியானது. வாசல் மூடிய ஒருவரால் வாசல் திறந்தவர்களைத் தேடிப்போக முடியும். வாசல் மூடிய இருவர் ஒருவரையொருவர் பெரும்பாலும் அடைய முடியாது. கூட்டத்தில் நூறு பேர் இருந்து அவர்களில் எழுபது பேர் வாசல் மூடியவர்கள் என்றால், நாமும் மூடியிருந்தால் நமக்குக் கூட்டம் ஏறக்குறைய முப்பது பேர்தான். பெரிய கூட்டத்தில் இது தெரியாது. ஐந்தாறு பேர் உள்ள அரிய கோப்பில் இதுவே எல்லாம்.

இதற்கான மருந்து, மென்பொருள் கேட்கும் போர்ட்டை ரவுட்டரில் திறந்து குறிப்பிட்ட கணினிக்குத் திருப்பிவிடுவது. யூபிஎன்பி இயக்கத்தில் இருந்தால் மென்பொருளே ரவுட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும். ஆனால் வீட்டிலுள்ள எந்தக் கருவியும், மலிவான கேமரா உட்பட, அதே வசதியால் வாசல் திறக்கலாம் என்பதால் அதை அணைத்துவிட்டு ஒரே ஒரு போர்ட்டைக் கையால் திறப்பதையே பரிந்துரைக்கிறேன். அந்தக் காலத்து 6881 முதல் 6889 வரையான போர்ட்களைத் தவிர்த்து 50,000க்கு மேல் ஏதேனும் ஒன்றை வைக்கலாம். டிசிபி, யூடிபி இரண்டையும் திறக்க வேண்டும். மியூடிபியும், டிராக்கர் இல்லாமலே ஆட்களைக் கண்டுபிடிக்கும் டிஎச்டியும் யூடிபியில் ஓடுகின்றன. கணினிக்கு ரவுட்டரில் நிலையான உள்முகவரி ஒதுக்காவிட்டால், முகவரி மாறிய அன்றே திறந்த போர்ட் யாருமில்லாத இடத்துக்குப் போகும்.

இவ்வளவும் செய்து போர்ட் மூடியே இருப்பதாகத் தெரிந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, வீட்டுக்குள்ளேயே இரண்டு ரவுட்டர்கள். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியே ரவுட்டராகவும் இருக்கும். வைஃபை பத்தவில்லை என்று நாம் வாங்கியதை அதற்குப் பின்னால் செருகியிருப்போம். நாம் திறந்தது உள்வாசலை மட்டும். ஓஎன்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லலாம், அல்லது இரண்டாவதை வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக வைக்கலாம். இரண்டாவது காரணம், சேவை நிறுவனத்தின் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு நாட். சிஜிநாட் எனப்படும் இதில் பல வீடுகள் ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் நிறுத்தப்படுகின்றன. ரவுட்டரின் வெளி இணைப்பு (WAN) பக்கத்தில் இருக்கும் முகவரியை, வெளியே நம் முகவரியாகத் தெரிவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் சந்தேகமே இல்லை. 2012ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி அது. 10 என்று தொடங்கினாலும் அதே கதை. இந்த நிலையில் நம் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. கூடுதல் கட்டணத்தில் நிலையான பொது முகவரி தரும் நிறுவனங்கள் உண்டு, கேட்டு வாங்கலாம்.

பணம் செலவில்லாத வழி ஐபிவி6. அதில் முகவரித் தட்டுப்பாடே இல்லாததால் நாட் தேவையில்லை. ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்க அடையக்கூடிய முகவரி கிடைக்கும். ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. இங்குள்ள பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது வந்துவிட்டது. பலர் வீட்டில் அது இருப்பதே தெரியாமல் ரவுட்டரில் அணைந்து கிடக்கிறது. இயக்கினால் மட்டும் போதாது. ரவுட்டர்களின் ஐபிவி6 ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதை இயல்பாகவே தடுக்கும், நல்லதுதான். நம் கணினியின் டொரண்ட் போர்ட்டுக்கு மட்டும் அதில் விதிவிலக்கு எழுத வேண்டும். நிறுவனம் தரும் ஓஎன்டி பெட்டிகள் சிலவற்றில் அந்த விதி எழுதும் பக்கத்தையே பூட்டி வைத்திருக்கிறார்கள். பொது முகவரியைக் கையில் கொடுத்துவிட்டுப் பயன்படுத்த விடாமல் செய்வதை எந்தப் பாதுகாப்புக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

வீட்டுக்குள் நிகழும் தேக்கங்கள் வெளியே உள்ளவற்றைவிட எளியவை. எண்ணைப் பார்த்தாலே பிடிபடும். 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டம், ஆனால் வேகம் நொடிக்கு 11.7 மெகாபைட் அளவில் சுவரில் முட்டியதுபோல் நின்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட் இருக்கிறது, அல்லது நான்கு ஜோடியில் ஒன்று அறுந்த கேபிள் இருக்கிறது. வைஃபையில் ஒரு சமயம் ஒருவர்தான் பேச முடியும். ஏற்றலும் இறக்கலும் அதே காற்றைப் பகிர்கின்றன. இரண்டையும் ஒருசேரச் செய்யும் டொரண்டை இது மற்றவற்றைவிட அதிகம் அடிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீடுகளும் இந்த மூன்றில்தான் நெருக்குகின்றன. சோதிக்கும்போதாவது கேபிள் மாட்டிச் சோதிக்க வேண்டும்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில மணி நேரம் நன்றாக ஓடி மறுபடி வீட்டின் மொத்த இணையமும் திணறினால், அதன் நாட் அட்டவணை நிரம்புகிறது. ஒவ்வொரு தொடர்புக்கும் ரவுட்டர் ஒரு வரி எழுதி வைக்கிறது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் திறந்த டிசிபி தொடர்பின் வரி 4,32,000 நொடி, அதாவது 5 நாள், நினைவில் இருக்கும். மலிவு ரவுட்டரில் டொரண்டின் இணைப்பு எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் ஏற்றுவது இந்த அட்டவணையை நிரப்பத்தான் உதவும். மொத்தம் 200, ஒரு டொரண்டுக்கு 50, 60 என்பதே வீட்டுக்குத் தாராளம். இணைப்புகளை ஏற்றும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு: 2004ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, பாதித் திறந்த நிலையில் இருக்கும் தொடர்புகளை 10க்கு மேல் அனுமதிக்கவில்லை. அதை உடைக்கும் பேட்ச்கள் ஊரெல்லாம் சுற்றின. அந்தக் கட்டுப்பாடு விண்டோஸ் 7க்கு முன்பே நீங்கிவிட்டது. அறிவுரை மட்டும் இன்னும் உலவுகிறது.

கணினியின் டிஸ்கும் தடையாகலாம். துண்டுகள் வரிசை மாறி வருவதால் எழுதுவதும் சிதறி நடக்கும். எஸ்எஸ்டிக்கு இது ஒன்றுமில்லை, யூஎஸ்பி 2.0வில் தொங்கும் பழைய ஹார்டு டிஸ்குக்கும், எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெரி பைக்கும் கடினம். வேகம் ஏறி, திடீரென்று பூஜ்யமாகி, மறுபடி ஏறும் அலைபோன்ற கோடு அதன் அடையாளம். பதிவிறக்க அடைவை ஆன்டிவைரஸ் உடனுக்குடன் துழாவுவதும் இதே விளைவைத் தரும்.

சேவை நிறுவனமே டொரண்டை அமுக்குகிறதா என்ற கேள்வியைப் பலர் முதலில் கேட்கிறார்கள். கடைசியில் கேட்க வேண்டியது அது. ஆனால் கற்பனை அல்ல. 2007ல் அமெரிக்காவில் ராப் டோபோல்ஸ்கி என்ற பொறியாளர், பதிப்புரிமை காலாவதியான பழைய பார்பர்ஷாப் இசைப் பதிவுகளைப் பகிர முயன்றபோது தொடர்புகள் தாமாகவே அறுவதைக் கவனித்தார். அவர் இணைப்பு பெற்றிருந்த காம்காஸ்ட் நிறுவனம், இரு முனைகளில் இருப்பவர்களும் அனுப்பியதுபோல் போலியான துண்டிப்புப் பொட்டலங்களை நடுவிலிருந்து செலுத்திக்கொண்டிருந்தது. அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் பைபிளின் ஒரு பதிப்பைப் பகிர்ந்து பார்த்து அதை உறுதி செய்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அந்நிறுவனத்துக்கு எதிராக உத்தரவிட்டது. அந்த அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவை ரத்துசெய்தது. அங்கே அறுக்கப்பட்டது ஏற்றும் தொடர்பு என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் ஆய்வு நிறுவனம் 2008ல் கிளாஸ்னாஸ்ட் என்ற சோதனைக் கருவியால் உலகின் பல நிறுவனங்களை ஆராய்ந்தது. தடுப்பு நெரிசல் நேரத்தில் மட்டும் நடக்கவில்லை, நாள் முழுவதும் நடந்தது என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. நெரிசலைச் சமாளிக்கவே செய்கிறோம் என்ற வாதம் அதோடு பலவீனமானது.

இந்தியாவில் இணையச் சமநிலைக் கொள்கையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் பரிந்துரைத்தது. மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றது. இங்கே நாம் அதிகம் சந்திப்பது வேகத்தை அமுக்குவதை அல்ல, முகவரிகளை அடைப்பதை. அதன் ஒரு மைல்கல் சென்னையில் நிகழ்ந்தது. '3' திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய வழக்கில் 2012ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைக் காட்டி, சேவை நிறுவனங்கள் டொரண்ட் தளங்களோடு விமியோ போன்ற முழுத் தளங்களையும் மூடின. குறிப்பிட்ட பக்கங்களை அடைத்தால் போதும், தளம் முழுவதையும் அல்ல என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அடைபட்ட முகவரி ஒரு டிராக்கருடையதாக இருந்தால் மென்பொருள் 'தொடர்பு இல்லை' என்று காட்டும். அதனால் பெரிய நஷ்டமில்லை. டிஎச்டியும், தெரிந்த ஆட்களிடமே மற்றவர்களின் முகவரி கேட்கும் பியர் பரிமாற்றமும் இருக்கும்வரை ஆட்கள் கிடைப்பார்கள். டிராக்கர் பட்டியலை ஒட்டுவதால் பயன் குறைவு என்றதும் இதனால்தான்.

மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் எஃப்யூபி வரம்பைப் பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் பல திட்டங்களுக்கும் மாதத்துக்கு 3,300 ஜிபி போல ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்தால் வேகம் வெட்டப்படும். ஏற்றியதும் அந்தக் கணக்கில் சேர்கிறதா என்பதை விதிமுறையில் படித்துக்கொள்வது சீட் செய்பவருக்கு அவசியம்.

விபிஎன் போட்டால் வேகம் கூடும் என்பது அமுக்கும் நிறுவனத்திடம் மாட்டியவருக்கு மட்டும் உண்மை. மற்றவர்களுக்குத் தூரம் கூடி, வாசலும் மூடும். விபிஎன் சர்வரும் ஒரு நாட் பெட்டிதான். போர்ட் திறக்க அனுமதித்த சேவைகளும் குறைந்து வருகின்றன. தனியுரிமைக்குப் பெயர் பெற்ற முல்வாட் 2023ல் அந்த வசதியை நிறுத்திவிட்டது.

புதிய இணைப்பு எடுக்கும்போது விற்பனைப் பிரதிநிதியிடம் எத்தனை எம்பிபிஎஸ் என்று மட்டும் கேட்கிறோம். ஏற்றும் வேகம் எவ்வளவு, வீட்டுக்குக் கிடைக்கும் ஐபிவி4 முகவரி பொதுவானதா, ஐபிவி6 உண்டா, ஓஎன்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தருவார்களா, ஐபிவி6 ஃபயர்வால் பக்கம் திறந்திருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டொரண்ட் மட்டுமல்ல, வீட்டிலேயே ஒரு சிறு சர்வர் வைக்க நினைக்கும் மாணவருக்கும், ஊரிலிருக்கும் கேமராவை வெளிநாட்டிலிருந்து நேரடியாகப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கும் இதே விவரங்கள்தான் தேவைப்படும். இவை திட்டத்தின் விலைப்பட்டியலிலேயே அச்சிடப்பட வேண்டும் என்று டிராய் ஒரு விதி செய்தால், கஸ்டமர் கேரில் வாரக்கணக்கில் நடக்கும் பேச்சு நிறையக் குறையும்.